தம்பி வாசித்த ரெக்கார்டு

அன்றைக்கு நாயுடுபுரத்து அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேங்க் சார். அது அவர் குடியிருந்த அறை. மதுரைக்காரர், கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தவர், கல்யாணம் ஆகாதவர்.

பாய். கடைவீதியில் பழைய சாமான் வாங்கி விற்றவர்.

நான். பாய் கடையில் சுமை தூக்கினவன்.

என் அம்மா. நாற்காலி போட்டும் தரையில்தான் உட்கார்ந்தாள்.

என் மனைவி. செருப்பில் சேறு என்று வாசலோடு நின்றுகொண்டாள்.

தம்பி ரெக்கார்டு அட்டையில், படத்தில் இருந்தான்.

நாங்கள் சிலோனில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கேயே தவறிவிட்டார். இந்தியாவுக்குப் போகச் சொல்லி பாஸ்போர்ட் வந்தபோது அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான் வந்தது. அம்மாவும் நானும் கப்பல் ஏறினோம். தம்பி ஏறவில்லை.

தம்பிக்கு எந்நேரமும் கொட்டுகிறதுதான் சோலி. தோட்டத்துக் கோயிலில் தப்பு அடிப்பான். தப்பு கிடைக்காத நாளில் தேயிலைப் பெட்டி, தகரம், நாங்கள் குடியிருந்த லயத்துக் கதவு. டவுனில் நாலைந்து பையன்கள் சேர்ந்து பாப் பாட்டுக் கோஷ்டி நடத்தினார்கள். அப்போது சிலோனில் தமிழ்ப் பாப் பாட்டு எல்லா இடத்திலும் உண்டு. கல்யாண வீட்டில் பாடுவார்கள், திருவிழாவில் பாடுவார்கள், ரேடியோவிலும் வரும். அந்தப் பையன்களிடம் கிட்டார் இருந்தது. கொட்ட ஆள் இல்லை. தம்பி போய்ச் சேர்ந்தான்.

கப்பலுக்குப் போகும் ரயிலில் எங்களை ஏற்றிவிட வந்தவன் கீழேயே நின்றுகொண்டான்.

"ரெக்கார்டு போடப் போறாங்கம்மா. நானும் இருக்கேன். அத முடிச்சிட்டு அடுத்த கப்பல்ல வந்துர்றேன்."

"தகரத்தத் தட்டுறதுக்காவ ஒருத்தன் கப்பல விடுவானாடா?"

"தகரம் இல்லம்மா. டிரம்மு."

"என்ன எளவோ. வேளைக்குத் தின்னு."

இவ்வளவுதான் பேச்சு. ரயில் எடுத்துவிட்டது.

இங்கே வந்து மண்டபம் கேம்பில் கொஞ்ச நாள் இருந்தோம். அப்புறம் தைலமரம் வெட்டுகிற கூட்டத்தோடு மலைக்கு வந்தோம். பேத்துப்பாறையில் ஒரு தோட்டத்துக்காரர் குடிசை போட்டுக்கொள்ள இடம் விட்டார். அம்மா பூண்டுக் காட்டில் கூலிக்குப் போனாள். நான் கொஞ்ச காலம் மரம் வெட்டினேன். அப்புறம் பாய் கடையில் சேர்ந்தேன். எனக்குக் கல்யாணம் ஆனது. அவளும் சிலோன் குடும்பம்தான்.

தம்பி வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவான். ரெக்கார்டு வந்துவிட்டது, ரேடியோவில் போடுகிறார்கள் என்று ஒரு தடவை எழுதியிருந்தான். நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தட்டு வந்துருச்சுல்ல. இவன் எங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அதற்கப்புறம் ரெக்கார்டுப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. பாய் கடை ரேடியோவில் சிலோன் நிலையம் சுத்தமாகக் கேட்கும். வந்து கேள் என்று கூப்பிட்டேன். என் மகனைப் பிடித்து வைத்துக்கொண்ட சனியனை நான் வந்து கேட்கணுமா என்றாள்.

எண்பத்து மூன்றில் அங்கே கலவரம். தம்பியிடமிருந்து கடிதம் நின்றது. நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. போட்ட கடிதம் திரும்பியும் வரவில்லை. அப்போதுதான் அம்மா பாய் கடைக்கு வர ஆரம்பித்தாள். காட்டு வேலை முடிந்து, கை கழுவாமல்கூட, கடை ஓரத்தில் நின்று செய்தி கேட்பாள். செய்தியில் ஊர்ப் பேர் வரும். ஆள் பேர் வராது. செய்தி முடிந்தாலும் போக மாட்டாள். பாட்டு வரும். அதையும் நின்று கேட்பாள்.

"என்னாத்தா, உள்ள வந்து உக்காரு," என்பார் பாய்.

"இருக்கட்டும்யா. இவன் கொட்டுறது எதுலயாச்சும் வருதான்னு பாக்குறேன்."

"கொட்டுறத வச்சு ஆள் தெரியுமா?"

"பத்து வருசம் என் காது பக்கத்துல கொட்டுனான். தெரியாதா?"

அந்தப் பாப் பாட்டுகளை ரேடியோவில் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் நின்று கேட்டாள். வரவில்லை.

பேங்க் சார் கதை வேறு. அவருக்கு ரெக்கார்டுப் பைத்தியம். கொடைக்கானலில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்யும்போது பாய் வீட்டோடு சாமானை வாங்குவார். கட்டில், பீரோ, கண்ணாடி, கரண்டி. அதோடு ரெக்கார்டும் வரும். பாய்க்கு அது வேண்டாத சரக்கு. சாருக்கு அதுதான் சரக்கு.

அவர் வாங்குகிற விதம் எனக்குப் புரியாமலே இருந்தது. பேர் போன பாட்டுக்காரன் ரெக்கார்டை ஒதுக்கி வைத்துவிடுவார். அட்டை கசங்காதது, கீறல் விழாதது, யாரும் போட்டே கேட்காதது எதுவோ அதைத்தான் எடுப்பார்.

"நல்லா ஓடுனத எல்லாரும் வச்சிருப்பாங்க. இந்த ஆளெல்லாம் எழுபதுல பாடி எழுபத்தொன்னுல காணாமப் போயிட்டான். அவன் ஊர்லயே அவன யாருக்கும் தெரியாது."

"அப்ப எதுக்கு சார் அது?"

"கேட்டுப் பாருங்க."

பெட்டியை அவர் அறையில் இறக்கிவைத்தால் டீ போட்டுத் தருவார். டீ ஆறுவதற்குள் ஒரு பாட்டுப் போடுவார். ஒரு கறுப்பு ஆள் பாடினான். எனக்குப் பாஷை தெரியாது. ஆனால் யாரிடமோ எதையோ கேட்கிறான், கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிறான் என்று பட்டது. சொன்னேன். சார் ஆமாம் என்றார். இன்னொன்றில் ஒரு பொம்பளை, கூட ஒரே கிட்டார். வீட்டில் ஆள் இல்லாதபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுகிற மாதிரி பாடினாள். அதுவும் யாரும் வாங்காத ரெக்கார்டுதானாம். சில பாட்டில் டிரம் மட்டும் நன்றாக இருக்கும். அப்போது டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கு மேல் இருந்த ஒரு பங்களாவைக் காலி செய்தார்கள். ரெக்கார்டு மட்டும் மூன்று பெட்டி. கட்டிடத்தில் ஈரம் ஏறி எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

"ஏலே சிலோன், அந்தப் பெட்டிய நனையாம உள்ள வையி," என்றார் பாய். "பேங்க்காரருக்கு ஆள் விட்டாச்சு. வந்தார்னா இன்னைக்கு மத்தியானச் சோறு கெடையாது அவருக்கு."

சார் வந்தார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாய், இது தமிழ் எழுத்தா இருக்கே?"

"படப் பாட்டா இருக்கும் சார்."

"இல்லிங்க. சிலோன்ல போட்டது. பாப் பாட்டுன்னு எழுதியிருக்கு. தமிழ்ல இப்படி ஒன்னு இருக்குறதே எனக்குத் தெரியாது. எந்தக் கடையிலயும் பாத்ததில்ல."

நாற்காலியை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அட்டையில் ஐந்து பேர் கடற்கரைப் பாறை மேல் நின்றார்கள். பெரிய காலர் சட்டை, கால் அகலமான பேன்ட். ஓரத்தில் நின்றவன் டிரம்மை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான். மீசை வைத்திருந்தான். நான் அவனை மீசையோடு பார்த்ததில்லை.

"என் தம்பி," என்றேன்.

பாய் சிரித்தார். "சிலோன்ல இருக்குறவன்லாம் ஒனக்குத் தம்பியாடா?" அப்புறம் என்னைப் பார்த்தார். "யாரு? எதுல?"

விரலை வைத்துக் காட்டினேன். பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே போட்டுக் கேட்டிருக்கலாம். சார்தான் வேண்டாம் என்றார். அவர் பாட்டுப் பெட்டியில் ஊசி மழுங்கிவிட்டது. அதைப் போட்டால் ரெக்கார்டைக் கீறிவிடும்.

"சனிக்கிழம மதுரைக்குப் போறேன். புது ஊசி வாங்கிட்டு வந்துர்றேன். ஒரு வாரம் பொறுத்துக்கங்க. பதறிக் கெடுத்துறக் கூடாது."

"சரி சார்."

"இது உங்க வீட்டுச் சாமான். நீங்களே கொண்டு போங்க. உங்கம்மாகிட்ட காட்டுங்க."

பாய் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து அவரே சுற்றிக் கொடுத்தார். "வெரசாப் போ. மழ எறங்கப் போவுது. கடைய நான் பாத்துக்கிறேன்."

வீட்டில் அம்மா விளக்கடியில் வைத்து அட்டையைப் பார்த்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்தாள்.

"எளைச்சிட்டான்."

"மீசை வச்சிருக்கான்மா."

"அது கெடக்கு. கன்னம் ஒட்டிப் போச்சு." அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள். "இதுல இவன் கொட்டுறது கேக்குமா?"

"கேக்கும்."

"இப்பக் கேக்காதா?"

"மிசின் வேணும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம."

அட்டையிலிருந்து ரெக்கார்டை உருவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூஞ்சை. கோடு தெரியவில்லை. "இப்படி இருந்தா எப்படிக் கேக்கும்?" என்றாள். துணியால் துடைத்தாள். காலையில் பார்த்தால் மறுபடியும் மினுக்கென்று ஈரம். அந்த வாரம் மழை விடவே இல்லை. கயிற்றில் போட்ட துணி காயவில்லை. செருப்பில், பெல்ட்டில், அரிசிப் பையில்கூடப் பூஞ்சை.

எங்கள் பக்கம் விதைப் பூண்டைக் காப்பாற்ற ஒரே வழிதான். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் கட்டி, பூண்டைக் காய்ந்த தண்டோடு முடிந்து, அதில் போட்டு வைப்போம். கீழே அணையாமல் சிறு நெருப்பு. புகையும் அனலும் ஏறிக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் இருந்தாலும் பூஞ்சை கிட்டே வராது. விதைக்கிறபோது எடுத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அம்மா இதை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். தோட்டத்துக்காரரே தன் வீட்டு விதையை அம்மா பரணில் கொண்டுவந்து வைப்பார். அவ்வளவு பக்குவம்.

அம்மா அட்டையைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். ரெக்கார்டைப் பரணில் வைத்தாள். பூண்டை ஒதுக்கி, நடுவில் இடம் செய்து, படுக்க வைத்தாள்.

நானும் பார்த்தேன். நல்லது என்றுதான் நினைத்தேன். என் மனைவியும் பார்த்தாள். அவளுக்கும் வேறு தோன்றவில்லை. விதைக்கு எரிக்கிற மாதிரியேதான் எரித்தோம். அம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் என் மனைவி விறகு தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து அம்மா அதை இறக்கினாள். பூஞ்சை இல்லை. ஆனால் அது தட்டாகவும் இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. மூங்கில் இடுக்குப் பட்ட இடத்தில் வரி வரியாகப் பள்ளம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரியாத்தான வச்சேன்," என்றாள்.

என் மனைவி அழுதாள். அம்மா அழவில்லை. "இத நிமுத்த முடியுமா கேளு," என்று என்னிடம் கொடுத்தாள்.

பாய் கையில் வாங்கினதுமே புரிந்துகொண்டார். "சூடு காட்டிட்டிங்களா? இது சுடுதண்ணில போட்டாலே கிண்ணமா வளையுமேடா. ஒரு வார்த்த சொல்லிவிட எனக்குத் தோணலையே." பழைய ஷோகேஸ் கண்ணாடி இரண்டு எடுத்தார். நடுவில் ரெக்கார்டை வைத்து, மேலே கடையில் கிடந்த அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னார். வெயிலில் வைத்தால் நிமிரலாம் என்றார். வெயில் இல்லை. மறுநாள் மத்தியானம் வரை அப்படியே இருந்தது. நடுப்பாகம் கொஞ்சம் படிந்த மாதிரி இருந்தது. ஓரம் படியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார் அறைக்குப் போனோம். கீழ் மேல் தெரியாத பனிமூட்டம். அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்; துவைத்தது அது ஒன்றுதான் காய்ந்திருந்தது.

"நல்ல காம்பரா," என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் முழுக்க ரெக்கார்டு. "இவ்வளவுமா கேக்குறீங்க தம்பி?"

"ஆமாம்மா. வேற சோலி இல்ல."

ரெக்கார்டை அட்டையோடு எடுத்துக் கொடுத்தேன். சார் பார்த்தார். புது ஊசி மாட்டின பெட்டி தயாராக இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். "போட்டுப் பாப்போம்," என்றார்.

தட்டு சுற்றும்போது அலை மாதிரி ஏறி இறங்கியது. ஊசியை வைத்தார். தூக்கி எறிந்தது. ஊசித் தலைமேல் எட்டணாக் காசு ஒன்றை வைத்து மறுபடி வைத்தார். கிர்ரென்று சத்தம், ஒரு கிட்டார் துணுக்கு, மறுபடி எறிந்தது.

"இதுவா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இன்னும் வரல."

இன்னொரு காசு வைத்தார். விரலால் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டார். யாரோ பாடுகிற பாதிச் சொல் ஒன்று கேட்டது. அது தம்பி இல்லை, அவன் பாடுகிறவன் அல்ல. எல்லாருக்கும் தெரிந்தது. பாய், "மெதுவா சார், மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாருக்கு அந்தக் குளிரில் வேர்த்தது.

"ஓரந்தான் ரொம்ப வளைஞ்சிருக்கு," என்றார். "உள்ள வர வரக் கொஞ்சம் சமமா இருக்கு. கடைசிப் பாட்டு ஒன்னுதான் பாக்கி."

கடைசிப் பாட்டுக்கு முன்னால் இருந்த இடைவெளியைப் பார்த்து ஊசியை வைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். ஊசி தாவவில்லை. ஒரு குரல் வந்தது. பாட்டு இல்லை. பேச்சு.

"ஒன்னு. ரெண்டு. மூனு. நாலு."

டிரம்மில் ஒரு அடி. ஊசி தாவி நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

அம்மா நிமிர்ந்தாள். "யாரு அது?"

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணிக் குடுப்பாங்கம்மா," என்றார் சார். "அப்பத்தான் எல்லாரும் ஒன்னாச் சேந்து எடுக்க முடியும். டிரம்மு வாசிக்கிறவருதான் எண்ணுவாரு."

"அவந்தான்," என்றாள்.

எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. குரல் கட்டையாக இருந்தது. நான் விட்டுவிட்டு வந்தபோது அவனுக்கு அப்படிக் குரல் இல்லை.

மறுபடி வைத்தார். மறுபடி அதேதான். எண்ணினான், ஒரு அடி, ஊசி தாவியது. அந்த இடத்தில் ஒரு மூங்கில் வரி குறுக்கே போனது. அதைத் தாண்டி வைத்துப் பார்த்தார். கிர்ரென்றது. பெட்டிக்கு அடியில் புத்தகம் கொடுத்துச் சாய்த்துப் பார்த்தார். கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

"இதுக்கு மேல இல்லையா?"

"இருக்கும்மா. தட்டுல இருக்கு. எடுக்க முடியல."

"நான் வச்சதுனாலயா?"

சார் தட்டைக் கையால் நிறுத்தினார். "முன்னாடியே ஈரத்துல கெட்டுப் போயிருக்கும்மா," என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். "பூண்டுக்கு ஒன்னும் ஆகல தம்பி," என்றாள்.

இன்னும் ஒரு தடவை போடச் சொன்னாள். போட்டார். கேட்டாள். இன்னும் ஒரு தடவை. பாய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தம்பியைப் பார்த்ததே இல்லை. எத்தனை தடவை போட்டார் என்று தெரியாது. கடைசியில் அம்மாவே, "போதும் தம்பி. ஊசி தேஞ்சிரும்," என்று எழுந்தாள்.

ரெக்கார்டை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சாரிடம் சொன்னேன். அவர் வாங்கவில்லை. சென்னையில், பெங்களூரில் ரெக்கார்டு சேர்க்கிறவர்களுக்கு எழுதி, இன்னொன்று கிடைக்குமா என்று விசாரித்தார். யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அப்புறம் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். தம்பியைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு தகவலும் வரவில்லை. கப்பலும் நின்றுவிட்டது. காரியம் செய்துவிடச் சொல்லி ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். அம்மா எப்போதும் போல வேலைக்குக் கிளம்பிவிடுவாள். நானும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் தோட்டத்துக்காரர் விதைப் பூண்டைக் கேட்டார். மூட்டை தூக்க நானும் காட்டுக்குப் போயிருந்தேன். பொம்பளைகள் வரிசையாகக் குனிந்து பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. பக்கத்து வரிசைக்காரி அம்மாவைக் கேட்டாள்.

"ஏக்கா, ரெக்கார்டுல ஒம் மகன் கொரல் கேட்டுச்சாமே? பாடுனானா?"

"பாடல. எண்ணுனான்."

"எண்ணுனானா? எவ்வளவு வரைக்கும்?"

அம்மா கையிலிருந்த பூண்டை ஊன்றி மண்ணைத் தள்ளினாள்.

"நாலு."